பரீட்சையில் பற்றும் வரவும்

கணக்குப் பதிவியல் விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முப்பத்து நான்கு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் அப்பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன். பெரிய கணக்கு ஒன்று வந்தால் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு போவதில்லை. கண் நேரே பக்கத்தின் அடிக்கு ஓடும். இடப்புறத்துக் கூட்டுத்தொகையும் வலப்புறத்துக் கூட்டுத்தொகையும் ஒன்றாக நின்றால் மனத்துக்கு ஓர் ஆறுதல் பிறக்கும். சிவப்பு மைக்கும் தாராளம் வந்துவிடும். இரண்டும் வேறுபட்டு நின்றால் ஒரு பெருமூச்சு. அதன் பிறகுதான் மேலே போய்ப் பிழையைத் தேடத் தொடங்குவோம்.

இந்தப் பழக்கம் மாணாக்கருக்கும் தெரியும். ஆகவே மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் இருக்கையில், பொருந்தாத தொகையைப் பொருந்தவைக்கும் முயற்சி மண்டபமெங்கும் நடைபெறும். கெட்டிக்காரப் பிள்ளைகள் வேறுபாட்டை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். 1,260 என்பதை 1,620 என்று இடம் மாற்றி எழுதியிருந்தால் வேறுபாடு 360. அது ஒன்பதால் மீதியின்றி வகுபடும். சிலர் வேறுபாட்டைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்கேனும் பக்கம் மாறி விழுந்திருக்கிறதா என்று தேடுவார்கள். இவை நல்ல வழிகள். இரண்டும் பலிக்காதபோது, வேறுபாடு எவ்வளவோ அவ்வளவையும் ‘அனாமத்துக் கணக்கு’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். நானும் என் மாணவப் பருவத்தில் அப்படி எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான்.

ஆனால் தொகை பொருந்திவிட்டதனால் கணக்கு மெய்யாகிவிடுமா? ஆகாது என்று அந்தப் பாடநூலே சொல்லுகிறது. நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலை அடியோடு எழுதாமல் விட்டுவிட்டால் அது விடு பிழை. இருபுறமும் விட்டுப்போனதால் தொகை பொருந்தியே நிற்கும். வாங்கிய இயந்திரத்தைச் சரக்குக் கொள்முதல் என்று எழுதினால் அது விதிப் பிழை. அப்பொழுதும் தொகை பொருந்தும். ஒரு பிழையை மற்றொரு பிழை சமன்செய்துவிட்டால் அது ஈடுசெய் பிழை. இவற்றையெல்லாம் இருப்பாய்வு காட்டிக்கொடாது. ‘இருப்பாய்வு காட்டிக்கொடாத பிழைகள் யாவை?’ என்று ஆண்டுதோறும் வினாவும் கேட்கிறோம். மாணாக்கரும் மனப்பாடமாக விடை எழுதுகிறார்கள். அந்த விடையைத் திருத்திவிட்டு, அடுத்த பக்கத்தில் நாம் மறுபடியும் அடிவரியைத்தான் பார்க்கிறோம்! இந்த விசித்திரம் எப்படி வந்தது என்று நான் பல நாள் சிந்தித்ததுண்டு. அதற்காகப் பழைய வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தேன்.

இரட்டைப் பதிவு முறையை விளக்கி முதன்முதலில் அச்சிலே வெளிவந்த நூல் 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்தில் தோன்றியது. எழுதியவர் லூகா பாச்சியோலி என்னும் துறவி, கணித ஆசிரியர், லியோனார்டோ டாவின்சியின் நண்பர். முறையைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். வெனிஸ் வணிகர்கள் தங்கள் கடைகளில் கையாண்டு வந்ததைத் தம் பெரிய கணித நூலின் ஒரு பகுதியில் முறையாக எடுத்து எழுதினார், அவ்வளவே. ஆயினும் அந்த ‘அவ்வளவே’ பெரிய மாறுதல்தான். அதுவரையில் கடையில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த ஒன்று புத்தகத்தில் கற்றுக்கொள்ளக் கூடியதாயிற்று. புத்தகத்தில் கற்கக் கூடியது எதுவோ அதைப் பரீட்சையிலும் கேட்கலாம் அன்றோ?

நம் நாட்டில் புத்தகமும் பரீட்சையும் வருமுன்னர் பிள்ளைகள் கணக்கைக் கற்றது திண்ணையில். 1822ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளைப் பற்றி விவரம் திரட்டும்படி உத்தரவிட்டார். 1826ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி அப்போது இருந்த பள்ளிகள் 12,498. படித்தவர்கள் 1,88,650 பேர். அப்பள்ளிகளில் எண்சுவடி ஒரு முக்கியமான பாடம். முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. இந்த நுண்ணிய பின்னங்களையெல்லாம் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை ஒப்பிக்க வேண்டும். ஒருவன் முன்னே நின்று சொல்ல, மற்றவர்கள் பின்னே சொல்லுவார்கள். இதற்கு முறை சொல்லுதல் என்று பெயர். எண்சுவடி முடிந்த பிறகு நெல்லிலக்கம், பொன்னிலக்கம் என்று அளவைகளுக்குப் போவார்கள். காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களோ நிலம், பொன், தானியம் என்று உலக வாழ்க்கைப் பொருள்களையே கணக்காக்கித் தந்தன. பலாப்பழத்தை அறுக்காமலே காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி உள்ளே எத்தனை சுளை என்று சொல்லும் கணக்கு அதிலே பெயர்பெற்றது.

அங்கே தனியாகப் பரீட்சை நாள் என்று ஒன்றில்லை. திண்ணை தெருவை நோக்கியது. முறை சொல்லுகிற குரல் தெருவில் போகிறவர் காதில் விழும். நெல் அளக்கும் இடத்திலும் நிலம் அளக்கும் இடத்திலும் பிள்ளை சொல்லுகிற கணக்கு சரியா என்று பார்க்க அளவையும் பொருளும் பக்கத்திலேயே இருந்தன. இதைக் கேட்டதும், ‘ஆகா, அது பொற்காலம்!’ என்று சொல்லிவிட வேண்டாம். அந்த 1,88,650 பேரில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தாம். ஒடுக்கப்பட்ட வகுப்புகளின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்தில் இருந்தது. பிரம்பு வேறு ஓயாமல் வேலை செய்தது.

வணிகர்களுக்குள் இன்னொரு வகையான சோதனை இருந்தது. நகரத்தார் பெருமக்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடைகள் நடத்திய காலத்தில், கடைக்குப் புதிதாக வருகிற சிறுவனுக்குப் ‘பெட்டியடிப் பையன்’ என்று பெயர். பணப்பெட்டியின் அருகே உட்கார்ந்து ஏவல் செய்துகொண்டே அவன் தொழில் கற்பான். தேர்ந்தபின் அடுத்தாள் ஆவான்; மேலும் தேர்ந்தால் கடையையே நடத்தும் பொறுப்புக்கு உயர்வான். அவன் கற்க வேண்டியவை குறிப்பு, பேரேடு, வட்டிச் சிட்டை, கடைசியில் ஐந்தொகை. கடையின் நிலையை ஒரே பார்வையில் காட்டும் அந்த ஐந்தொகைக் கணக்கை ஊரிலுள்ள முதலாளிக்கு அனுப்ப வேண்டும். அங்கே எழுத்துக் கணக்குக்கு எதிரே பெட்டியிலிருந்த ரொக்கம் சாட்சியாக நின்றது. ஏட்டிலே பொருந்திப் பெட்டியிலே பொருந்தாவிட்டால், ஏட்டை யாரும் மெச்சமாட்டார்கள். அனாமத்து என்று ஒரு வரி எழுதிப் பெட்டியை நிரப்பிவிட முடியாது!

பரீட்சை, பரீட்சைக்காகவே நிகழத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டில் ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளைகளை இன்ஸ்பெக்டர் சோதித்து, தேறிய தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம் கொடுப்பது. அந்த முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பொருளாதார நோக்கில் பார்த்தால் அது மிகச் சிக்கனமான ஏற்பாடு. சர்க்கார் செலவிடும் காசுக்குச் சரக்கு கைக்கு வருகிறது. ஆனால் பிள்ளை அங்கே ஒரு வரவினம் ஆகிவிட்டான். இன்ஸ்பெக்டர் எதைக் கேட்பாரோ அதுவே பாடமாயிற்று. அந்த மானிய முறை மறைந்து நூறாண்டுக்கு மேலாகியும் அதன் நிழல் இன்னும் நம் வகுப்பறைகளில் கிடக்கிறது என்பது என் கருத்து.

அதே காலத்தில் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் கணக்கெழுதும் குமாஸ்தாக்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். 1886ஆம் ஆண்டு சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையார் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினார்கள். இந்தியாவில் வணிகக் கல்வியின் தொடக்கமாக அதைத்தான் குறிப்பிடுவது வழக்கம். தட்டெழுத்து, சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு ஆகியவற்றுக்குச் சர்க்கார் தொழில்நுட்பப் பரீட்சைகள் நடத்திற்று. லோயர், ஹையர் என்று அவற்றின் படிகளைச் சொல்லுவதை இன்றும் தட்டெழுத்துக் கூடங்களின் வாசலில் கேட்கலாம். 1911ஆம் ஆண்டில் பள்ளியிறுதி வகுப்புச் சான்றிதழாகிய எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. தேறினார், தவறினார் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்காமல், பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணையும் பொதுப் பரீட்சை மதிப்பெண்ணையும் ஒரு புத்தகத்தில் பதிந்து கொடுப்பது அதன் தொடக்க நோக்கம். நல்ல நோக்கந்தான். நாளடைவில் அந்தப் புத்தகத்தையும் ஒரே பார்வையில் புரட்டி, கீழே உள்ள எண்ணை மட்டும் பார்க்க நாம் கற்றுக்கொண்டோம்.

அந்நாளையப் பரீட்சையில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டங்கள். பன்னிரண்டு பை ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். 7 ரூபாய் 13 அணா 9 பையோடு 5 ரூபாய் 6 அணா 8 பையைக் கூட்டிப் பாருங்கள். பை பதினேழு, அதில் ஓர் அணா போக 5 பை. அணா இருபது, அதில் ஒரு ரூபாய் போக 4 அணா. ஆக 13 ரூபாய் 4 அணா 5 பை. ஒரு பேரேட்டுப் பக்கத்தில் இப்படி முப்பது வரி இருந்தால், பிள்ளையின் அறிவு பற்று எது வரவு எது என்பதில் செல்லுமா, அல்லது பையை அணாவாக்குவதில் தீர்ந்துபோகுமா? 1957 ஏப்ரல் முதல் நாளன்று நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்று ஆயிற்று. சோதனையின் பாதிச் சுமை ஒரே நாளில் இறங்கிற்று. கணக்குப் பதிவியல் ஆசிரியர்கள் அந்த நாளை ஒரு பண்டிகையாகவே கொண்டாடியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தது. முதல் அணியினர் 1980இல் பொதுத் தேர்வு எழுதினார்கள். வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் ஆகியவை பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் பாடங்களாயின. தமிழிலேயே அவற்றை எழுதலாம் என்றும் ஆயிற்று. பாடத்துக்கு 200 மதிப்பெண் என்பது நெடுங்காலம் நின்றது. 2018இல் பதினொன்றாம் வகுப்புக்கும் மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் அது 100 ஆயிற்று. அதில் எழுத்துத் தேர்வுக்கு 90. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அந்த வினாக்களில், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக ஐந்து மதிப்பெண் கிடைக்கும் என்பதைக் கணிதம் படித்தவர் அறிவர்.

இந்தத் தேர்வைக் குறைகூறுவதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விடைத்தாளில் எண் உண்டு, பெயர் இல்லை. யார் பெண், யார் மகள், எந்தத் தெரு என்பதொன்றும் திருத்துகிறவருக்குத் தெரியாது. திண்ணையில் ஏற முடியாதிருந்தவர்களின் பேத்திகள் எழுதிய தாள்களுக்கு நான் நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறேன். பிரம்பாலும் பெட்டியடியாலும் செய்ய முடியாத காரியம் அது.

பொருளியல் பாடத்துக்கு வருவோம். அதன் முதற்பாடத்தில் நான்கு இலக்கணங்கள் உண்டு. 1776இல் நூல் எழுதிய ஆடம் ஸ்மித்தின் செல்வ இலக்கணம். 1890இல் எழுதிய மார்ஷலின் நல இலக்கணம். 1932இல் எழுதிய ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம். சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம். நால்வர் பெயரையும் பிள்ளைகள் தவறாமல் எழுதுவார்கள். தன் ஊரில் தக்காளியைப் பறிகூலிக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிட்டார்களே, அஃது ஏன் என்று கேட்டால் அந்த நால்வரும் உதவிக்கு வருவதில்லை. கேட்பவரும் இல்லை.

கேட்டவர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதற்பேராசிரியராக 1915இன் இறுதியில் வந்து சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். நாட்டுக்குப் புதியவர், மறு ஆண்டே மாணவர்கள் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் விடை கண்டு வரும்படி அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள் என்பன போன்ற வினாக்கள். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டுத் தூசி, தஞ்சையில் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் என்று ஊர் ஊராக அந்த விடைகள் வந்து 1918இல் நூலாயின. 1936–37இல் அவ்வூர்களை மறுபடியும் ஆராய்ந்தார்கள், பின்னரும் ஆராய்ந்தார்கள். மாணவர் எழுதிய விடைகள் வினாக் கேட்டவருக்கே புதிதாயிருந்தன. விடை தெரியாத ஆசிரியர் கேட்கிற வினாவுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் இவ்வகையினரே. இலண்டனில் கணக்காயராகப் பயின்று பம்பாயில் அத்தொழில் செய்தவர். பிறகு அமெரிக்காவில் அரசாங்க நிதியியல் படித்தவர். காந்தியடிகளிடம் வந்து சேர்ந்தபின், குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவில் 54 கிராமங்களின் வரவு செலவை ஆராய்ந்தார். உழவன் வீட்டு ஏட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் நாட்டின் நிதிநிலை எப்படித் தோன்றும் என்பதே அவருடைய கேள்வி. கணக்குப் பதிவும் பொருளியலும் அவர் கையில் ஒரே பாடமாயின. யாருடைய ஏடு என்பதுதான் இரண்டுக்கும் முதற்கேள்வி.

அந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் கற்கவில்லை. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கற்றேன். முப்பது ஆண்டு ஆகிறது.

அரையாண்டுத் தேர்வு. வினாத்தாள் நான் எழுதியது. கந்தசாமி என்பவர் செல்லம் என்பவருக்கு 4,000 ரூபாய்ச் சரக்கைக் கடனுக்கு விற்றார். செல்லம் 200 ரூபாய்ச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். 1,500 ரூபாய் ரொக்கம் கொடுத்தார். குறிப்பேட்டுப் பதிவுகள் தந்து பேரேடு தயாரிக்கவும். இருபது மதிப்பெண். வகுப்பு முழுவதும் செல்லம் கணக்கில் பற்று, விற்பனைக் கணக்கில் வரவு என்று தொடங்கியிருந்தது. இந்தப் பெண் மட்டும் கொள்முதல் கணக்கில் பற்று, கந்தசாமி கணக்கில் வரவு என்று தொடங்கியிருந்தாள். அன்றைக்கு என் கண் அடிவரிக்கு ஓடவில்லை. முதல் வரியிலேயே பேனா குறுக்கே கிழித்துவிட்டது. ஓடியிருந்தால், 2,300 ரூபாய் இருப்பு மற்ற எல்லார் தாளிலும் உள்ளபடியே அவள் தாளிலும் நிற்பதைப் பார்த்திருப்பேன். சுழி போட்டேன். மொத்தம் 61. தேர்ச்சிக்கு 70 வேண்டும்.

தாளைக் கொடுத்ததும் எழுந்து வந்தாள். “சார், நீங்க சொல்றது கடைக்காரர் நோட்டு. நான் எழுதினது வாங்குறவங்க நோட்டு” என்றாள். அவள் தாய் இட்லிக் கடை வைத்திருந்தார். மளிகைக் கடையில் பற்று வரவு வைத்துச் சாமான் வாங்குவதும், மாதக் கடைசியில் கடைக்காரர் நோட்டோடு தன் நோட்டை ஒத்துப் பார்ப்பதும் அவள் வேலை. ‘பாடத்தில் உள்ளபடி எழுத வேண்டும், உட்கார்’ என்று சொல்லி அனுப்பினேன். பின்னால் இருந்து இரண்டு பையன்கள் சிரித்தார்கள்.

விடுமுறை தொடங்கியது. அடுத்த பாடம் வங்கிச் சரிகட்டும் பட்டியல். அதற்குக் குறிப்பெழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாம் வங்கியில் போடுகிற பணம் நம் ரொக்க ஏட்டில் பற்று. அதே பணம் வங்கிச் செல்லேட்டில் வரவு. இரண்டும் சரி. எந்தத் தேர்விலும் அதனால்தான் ‘இன்னாருடைய ஏடுகளில்’ என்று குறிப்பிட்டுக் கேட்பார்கள். என் வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொற்கள் இல்லை.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்த நாளில் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பதிவேட்டில் 61ஐ அடித்து 81 என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டு, அவள் வீட்டைத் தேடிப்போனேன். தோல்வி என்றிருந்த அட்டையைப் பார்த்ததும், ‘வராத படிப்புக்கு எதற்குப் பணம்?’ என்று தகப்பனார் நிறுத்திவிட்டாராம். பதிவேட்டில் திருத்திவிட்டேன் என்று சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “இப்ப கடைக்கு ஆள் வேணுங்க” என்றார். இரண்டு தடவை மேலும் போனேன்.

மூன்றாம் தடவை போனபோது, அந்த மளிகைக் கடை நோட்டைக் காட்டும்படி அவளிடம் கேட்டேன். கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு. உள்ளே மாதவாரியாக இருப்புக் கட்டி, கடைக்காரர் கூட்டலில் தவறிய இரண்டு இடங்களில் சிறு புள்ளி வைத்திருந்தாள். முதற்பக்கத்தின் தலையில், தாயின் பெயரைப் போட்டு, ‘அவர்களின் ஏடுகளில்’ என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தது.